கடினமாக உழைத்த டிராக்டருக்கு வாரண்டி கிடையாதா?

கடிதத்தின் சுருக்கம்: வாழப்பாடிக்குப் பக்கத்தில், சேர்வராயன் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து 41 வயது விவசாயி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூன்றரை ஏக்கர் சொந்தக் காடு. பாதியில் பாக்கு, மீதியில் குச்சிக்கிழங்கு. போன தை மாதம் 27 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்றை 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினார். அதில் நாலரை லட்சம் கடன், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. சொந்த வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்துக் காடுகளில் மணிக்கு 800 ரூபாய் வாடகைக்கு ரோட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் கருவி) ஓட்டுகிறார். பெரும்பாலும் அவரே ஓட்டுகிறார், சில நாள் மச்சினன். ஐந்து மாதத்தில் மீட்டர் 412 மணி காட்டுகிறது.

38-ஆவது மணியிலேயே ஹைட்ராலிக் பைப் இணைப்பில் எண்ணெய் கசிந்திருக்கிறது. இரண்டு முறை இறுக்கிக் கொடுத்தும் கசிவு நிற்கவில்லை. மாசி கடைசியிலிருந்து, மத்தியான வெயிலில் ரோட்டவேட்டர் ஓட்டினால் வெப்ப முள் சிவப்புக்குப் போகிறது. 290-ஆவது மணியில் கிளட்ச் நழுவ, "தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது" என்று 11 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேட் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் புது பிளேட்டும் 60 மணி நேரத்துக்குள் நழுவ ஆரம்பித்துவிட்டது. இப்போது ஷோரூமில், "புது வண்டியை இப்படிப் போட்டு அடித்தால் எது தாங்கும்? வாடகைக்கு ஓட்டினால் வாரண்டியே செல்லாது" என்கிறார்களாம். வாரண்டி உண்மையில் போய்விட்டதா, வண்டியையே மாற்றி வாங்க முடியுமா, அதுவரை தவணையை நிறுத்திவிட்டு, வண்டியை ஷோரூம் வாசலில் நிறுத்தி பேனர் கட்டினால் என்ன என்று கேட்கிறார்.

தம்பி, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது: "நான்தான் பேராசைப்பட்டு வண்டியைக் கெடுத்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அம்மா." முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். டிராக்டர் உழைப்பதற்காகச் செய்த இயந்திரம். நிறைய மணி நேரம் ஓட்டியது உங்கள் குற்றமில்லை. இதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும் வாரண்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் "இரண்டு வருடம் அல்லது 2000 மணி நேரம், எது முன்னதோ அது" என்று அச்சடித்திருக்கிறது. 2000-ஐ 24 மாதத்தால் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு 83 மணி வரும். நீங்கள் ஓட்டியது மாதத்துக்கு 82 மணி. கம்பெனியே மனதில் வைத்துத்தான் அச்சடித்த அளவுக்குள் ஓட்டியிருக்கிறீர்கள். "அதிகமாக ஓட்டிவிட்டீர்கள்" என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பக்கத்தை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் அதிக நேரம் ஓட்டுவது வேறு, தாங்காத பாரத்தில் ஓட்டுவது வேறு. முன்னதை எந்த வாரண்டியும் தடுப்பதில்லை. பின்னதை எல்லா வாரண்டியும் விலக்கி வைக்கும். உங்கள் வழக்கின் பலமும் பலவீனமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், மைத்துனரின் ஐந்தடி ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டுவதாக. உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்னது நாலடி. இதை மறைக்க நினைக்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவதே இதைத்தான்.

மூன்று கோளாறு, மூன்று கதை

நான் வக்கீல், மெக்கானிக் இல்லை. அதனால் உங்கள் கடிதத்தையும் படங்களையும், பெயரைச் சொல்லாமல், ஓய்வுபெற்ற வேளாண் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்டேன். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "உற்பத்திக் குறைபாடு" என்று சொல்லக் கூடாது என்பதுதான் அவர் முதலில் சொன்னது.

ஹைட்ராலிக் கசிவு ஆரம்பத்திலேயே வந்தது. புது இயந்திரத்தில் முதல் ஐம்பது, நூறு மணிக்குள் தலைகாட்டும் கோளாறு பெரும்பாலும் பூட்டியதில் வந்த பிழையாக இருக்கும்: சரியாக உட்காராத ரப்பர் வளையம், இறுக்கம் போதாத போல்ட், கோணலாக வளைந்த பைப். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த இணைப்பைச் சுற்றி, எண்ணெயில் செம்மண் ஒட்டி, கருப்புக் களிம்பு மாதிரி திரண்டிருக்கிறது. ஒரே நாளில் சேர்ந்த அழுக்கு அது இல்லை. ரோட்டவேட்டர் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷோரூமில் பழுதைப் பதிந்து கொடுத்த இரண்டு ஜாப் கார்டிலும் இதே குறை இருக்கிறது. இது உங்கள் பலமான சீட்டு.

சூடாவதில் அவ்வளவு உறுதி இல்லை. ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதியும் சருகும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலையில் படிந்தால் காற்று உள்ளே போகாது. ஐந்தடி ரோட்டவேட்டரின் பாரம் வேறு. பங்குனி, சித்திரையில் நம்மூர் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளட்ச் சரியான பிறகு, வலையைத் தினமும் தட்டி, ஏர் ஃபில்டரைப் பார்த்து, நாலடி ரோட்டவேட்டரையே மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எப்போது ஓட்டினீர்கள், முள் எங்கே நின்றது என்று தினமும் எழுதி வையுங்கள். அப்படியும் முள் ஏறினால் கோளாறு வண்டியில். ஏறாவிட்டால் இந்தக் குறையைப் புகாரிலிருந்து எடுத்துவிடுங்கள். நிற்காத ஒரு குறை, நிற்கிற இரண்டையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும்.

கிளட்ச்தான் நின்று பார்க்க வேண்டிய இடம். கிளட்ச் பிளேட் தேயும் பொருள் என்பது உண்மை. சரிவில் பாதி கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து ஓட்டினால் சீக்கிரமே தேயும். ஆனால் மாற்றிய புது பிளேட் 60 மணியில் மறுபடி நழுவுகிறதென்றால் கேள்வியே வேறு. உள்ளே ஒரு சீல் கசிந்து எண்ணெய் பிளேட்டில் பட்டால் எத்தனை பிளேட் மாற்றினாலும் நழுவும். மிதியின் விளையாட்டு அளவை, அதாவது மிதித்ததும் கிளட்ச் வேலை செய்யும் முன் மிதி சும்மா இறங்கும் தூரத்தை, சரியாக வைக்காவிட்டாலும் நழுவும். முதலாவது கம்பெனியின் குறை, இரண்டாவது மாற்றிக் கொடுத்தவரின் குறை. இரண்டுமே உங்கள் குறை இல்லை. ஓட்டிய விதத்தில் தேய்ந்ததா, எண்ணெய் பட்டு நழுவியதா என்பதைப் பழைய பிளேட்டே சொல்லும் என்றார் அந்தப் பொறியாளர். நழுவி நழுவிச் சூடேறியிருந்தால் அழுத்தும் தட்டிலும் ஃப்ளைவீலிலும் நீலநீலமாகத் திட்டுகள் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் பிளேட்டின் மேல்பூச்சு நனைந்து, கருத்து, பளபளவென்று இருக்கும்.

அந்தப் பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாரண்டியில் இலவசமாக மாற்றினால் பழைய பாகத்தைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் 11 ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றியிருக்கிறீர்கள், அதனால் பழையது உங்கள் பொருள். நாளைக்கே போய்க் கேளுங்கள். "குப்பையில் போட்டுவிட்டோம்" என்றால் அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாடகைக்கு ஓட்டினால் நுகர்வோர் இல்லையா?

ஷோரூமில் சொன்னதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் நீங்கள் பயந்துவிட்டீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விளக்கம் உண்டு. சுயதொழில் செய்து தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்வதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. பழைய சட்டத்திலும் இந்த விளக்கம் இருந்தது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியது. தானே ஓட்டிப் பிழைக்கிறவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. ஆளை வைத்து ஓட்டவிட்டு, தான் வியாபாரம் மட்டும் பார்ப்பவரின் நிலை வேறு. நீங்களே ஸ்டியரிங் பிடிக்கிறீர்கள், சில நாள் மச்சினன் பிடிக்கிறார். என் கணிப்பில் நீங்கள் நுகர்வோர்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நஷ்ட ஈடு கேட்கும்போது, "நாளுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு 800, இத்தனை நாள் வண்டி நின்றது, ஆக இத்தனை லட்சம்" என்று பெரிய கணக்கு போடத் தோன்றும். அந்தக் காகிதத்தையே எடுத்துக்காட்டி, "பாருங்கள், இவர் வியாபாரி" என்று எதிர்த்தரப்பு சொல்லும். நின்ற நாட்களுக்கு, வழக்கமாகக் கையில் மிஞ்சும் தொகையை, டீசல் செலவு கழித்து, நேர்மையாகக் கேளுங்கள்.

வாடகை நேரம் குறித்த உங்கள் நோட்டில் சொந்த வேலையோடு சேர்த்து 440 மணி வருகிறதே, மீட்டர் 412 தான் காட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். சில டிராக்டர்களில் மீட்டர் கடிகார நேரத்தை எண்ணாது, இன்ஜின் சுற்றுவதை வைத்து எண்ணும். மெதுவான சுற்றில் ஓடிய நேரம் அதில் குறைவாகவே ஏறும். யாரும் மீட்டரைத் திருகவில்லை. வாரண்டிக்கு மீட்டர்தான் கணக்கு.

வண்டியையே மாற்றிக் கேட்பது

இங்கே உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கிறது. குறையுள்ள பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு பாகம் பழுதானால் முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்வது அபூர்வம். கிளட்ச் கோளாறு வந்த ஒரு கார் வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றுவதைத்தான், காரையே மாற்றுவதை அல்ல என்று, கீழ் ஆணையங்களின் உத்தரவைத் திருத்தியது. திரும்பத் திரும்பச் சரிசெய்தும் தீராத, வண்டியின் அடிப்படையிலேயே இருக்கும் குறை என்று நிபுணர் சொன்னால்தான் மாற்று வண்டிக்கு வழி. உங்கள் விஷயத்தில் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: ஹைட்ராலிக் இணைப்பை முழுதாக மாற்றித் தருவது, கிளட்ச் நழுவும் காரணத்தைக் கண்டுபிடித்து இலவசமாகச் சரிசெய்வது, 11 ஆயிரம் ரூபாயைத் திருப்புவது, இந்த வேலைகளுக்குப் புதிதாக வாரண்டி, வண்டி நின்ற நாட்களுக்கு நியாயமான ஈடு. மாற்று வண்டியை இரண்டாவது கோரிக்கையாக வைக்கலாம்.

இரண்டாவது சர்வீஸ் தள்ளிப்போனதைச் சொல்லி மிரட்டுவார்கள். 250 மணிக்குச் செய்ய வேண்டியதை 300-இல் செய்திருக்கிறீர்கள். ஆனால் 246-ஆவது மணியில் நீங்கள் ஷோரூம் மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக்குக் கொண்டுவரட்டுமா" என்று கேட்டதும், அவர் "ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொன்னதும் இருக்கிறதே, அது தங்கம். அந்த போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். அதோடு, 38-ஆவது மணியில் வந்த கசிவுக்கு 250-ஆவது மணி சர்வீஸ் எப்படிக் காரணமாகும்? முதல் சர்வீஸை 54-ஆவது மணியில் செய்து முத்திரை வாங்கி வைத்திருப்பது நல்லது. புது இன்ஜினிலும் கியர் பெட்டியிலும் பல் பதியும்போது உதிரும் இரும்புத்தூள் எண்ணெயோடு வெளியே போவது அந்த முதல் சர்வீஸில்தான்.

தவணையும் பேனரும்

தவணையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் உங்களுக்கும் இருப்பது தனி ஒப்பந்தம். கிளட்ச் நழுவுகிறது என்பது அங்கே பதிலாகாது. வண்டி கடனுக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கிறது, தவணை தவறினால் எடுத்துப் போக வருவார்கள். அப்புறம் ஆணையத்தில் காட்ட வண்டியே இருக்காது. சிபில் மதிப்பெண் இறங்கினால் அடுத்த பயிர்க்கடனும் சிக்கலாகும். தவணைத் தேதிக்குள் பணம் புரளாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே போய் எழுத்தில் அவகாசம் கேளுங்கள்.

பேனர் கட்டும் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. உழவு சீசனில் வண்டி நின்றால் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்தவள். ஆனாலும் வேண்டாம். "மோசடிக் கம்பெனி" என்று வீடியோவில் ஒரு வார்த்தை விழுந்தால் அவதூறு என்று எதிர் நோட்டீஸ் வரும். புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இனி செய்ய வேண்டியது

முதலில் டீலருக்கும் உற்பத்தி செய்த கம்பெனிக்கும், இருவருக்குமே, தேதி வாரியாக ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த மணியில் எந்தக் குறை, எந்த ஜாப் கார்டு, யார் என்ன சொன்னார்கள். வாரண்டி செல்லாது என்பதை, எந்த நிபந்தனைப்படி செல்லாது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதச் சொன்னாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள். 15 நாள் அவகாசம் போதும். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். உள்ளூர் ஷோரூம் அசையாத விஷயம், மேலே கம்பெனிக்குப் போனதும் அசைவது உண்டு.

சேலத்தில் இருக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பார்த்ததை எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. கடும் வெயில் சூழலிலும் பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் மாதிரிக் கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) பாரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். சோதனையின்போது வந்த பழுதுகளையும் எழுதுவார்கள். உங்கள் மாடலின் அறிக்கை கிடைத்தால் எடுத்து வையுங்கள், சூடாகும் பிரச்சினைக்கு உதவலாம்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய வசதி இது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. மனுவோடு சேர்த்து, வண்டியைப் பிரித்துப் பார்க்க நிபுணரை நியமிக்கக் கேளுங்கள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையிலிருந்தே ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம். சட்டப்படி சோதனை தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதுவரை கிளட்ச்சை வெளி மெக்கானிக்கிடம் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் உள்ளே இருந்த எண்ணெய் யாருடையது என்ற சண்டை தொடங்கிவிடும். நழுவும் கிளட்ச்சோடு உழவும் வேண்டாம். பிடிப்பு போன பிளேட்டோடு ஓட்டி ஃப்ளைவீலையும் கெடுத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

கடைசியாக இன்னொன்று, இது வாரண்டியை விடவும் பெரியது. கோயில் வேலைக்கு டிரெய்லரில் இரண்டு நடை ஜல்லி ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி விவசாய டிராக்டரின் டிரெய்லர் விவசாயப் பொருள் ஏற்றுவதற்குத்தான். நல்ல காரியத்துக்குத்தான் போனீர்கள், தெரியும். ஆனால் குப்பனூர் வழியாக ஏற்காடு போகும் மாதிரிச் சரிவில் ஜல்லியோடு ஒரு விபத்து நடந்திருந்தால், காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்திருக்கும். மூன்றரை ஏக்கரும் அதற்கே போயிருக்கும். கோயிலில் மறுபடி கேட்டால் வாடகை வண்டிக்கு உங்கள் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பிளேட் கையில் கிடைத்தால் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். ஷோரூம் வாசலிலேயே இரண்டு பக்கமும் படம் எடுத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். துணியில் எண்ணெய்க் கறை ஏறினால் அதையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.